மெல்லடி வைத்தோர்: அயல்வாழ் உயிர்களை மனிதர் அறிந்த வரலாறு

அரசர் ஆண்ட கதையையும் படைகள் பொருத கதையையும் வரலாறு விரிவாகக் கூறுகின்றது. மனிதன் தன் வீட்டு வேலியோரத்தில் வாழும் சிற்றுயிர்களை எவ்வாறு அறிந்துகொண்டான் என்னுங் கதையோ மிகச் சிலராலேயே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே இரு நெறிகளைக் காணலாம். ஒன்று, உயிரைக் கைப்பற்றி அறியும் நெறி. வலையும் துப்பாக்கியும் அதன் கருவிகள். பதஞ்செய்த தோலும் ஊசியிற் குத்திய பூச்சியும் அதன் பயன்கள். மற்றையது, உயிரைத் தன்னியல்பிலே இயங்கவிட்டு, காலடியோசையை அடக்கி, அருகிருந்து காணும் நெறி. முதல் நெறி உயிர்களுக்குப் பெயர் தந்தது. இரண்டாவது நெறி அவற்றின் வாழ்க்கையைக் காட்டியது. இப்பின்னைய நெறி எவ்வாறு தோன்றியது, ஏன் நெடுங்காலம் மதிப்பின்றிக் கிடந்தது, எவ்வாறு மீண்டும் தலையெடுத்தது என்பவற்றை ஆராய்தல் பயனுடையது. பெருஞ் செல்வமோ தூரதேசப் பயணமோ வேண்டாத நெறி அது. கிராமத்துக் குருவும், வீட்டிலே பிள்ளைகளை வளர்க்கும் தாயும், பள்ளி மாணவனும் ஒருங்கே கைக்கொள்ளத் தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே உயிர்களைத் தொகுத்து வகுக்கும் ஆர்வம் பெருகிய காலம். சுவீடன் தேசத்து அறிஞராகிய கார்ல் லின்னேயஸ் தமது இயற்கைப் பாகுபாட்டு நூலின் முதற் பதிப்பை 1735ஆம் ஆண்டிலே வெளியிட்டார். 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலே விலங்குகளுக்கு இருசொற் பெயர் இடும் முறையை ஒழுங்காகக் கையாண்டார். கடல் கடந்து சென்ற கப்பல்கள் தொலைநாட்டுப் பறவைகளின் தோல்களையும் சிப்பிகளையும் செடிகளையும் சுமந்து மீண்டன. செல்வர் மாளிகைகளில் அவை கண்ணாடிப் பேழைகளை நிரப்பின. இம்முயற்சியின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஒரே உயிரைப் பல நாட்டார் பல பெயரால் வழங்கிய குழப்பம் நீங்கி, அறிஞர் யாவரும் ஒன்றையே குறித்துப் பேச இயன்றமை இதனாலேயாம். எனினும் பேழையிற் கிடந்த பறவை பாடவில்லை, கூடு கட்டவில்லை, குஞ்சுக்கு இரையூட்டவில்லை. அதன் இறகின் நிறம் தெரிந்ததேயன்றி அதன் நாள் எவ்வாறு கழிந்தது என்பது தெரியவில்லை.

இக்குறையை நிரப்பியவர் புகழ்பெற்ற ஆராய்ச்சிச் சபை எதனிலும் பெரும்பதவி வகித்தவர் அல்லர். இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹம்ஷயர் மாகாணத்துச் செல்போண் என்னுஞ் சிற்றூரில் 1720ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆம் நாள் பிறந்த கில்பேட் வைற் என்பவரே அவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து ஓரியல் கல்லூரியிற் கற்று, 1744இல் அக்கல்லூரியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டவர். உயர் பதவிகளை நாடிச் செல்லக்கூடிய தகுதி இருந்தும், பிறந்த ஊரிலேயே உதவிக் குருவாகப் பணியாற்றி, 1793ஆம் ஆண்டு யூன் மாதம் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். 1751இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். 1768 முதல் இயற்கை நாட்குறிப்பை எழுதலானார். இறப்பதற்குச் சில நாள் முன்வரை அதனை நிறுத்தவில்லை. விலங்கியலறிஞர் தோமஸ் பெனன்ற், நீதித்துறை சார்ந்த டெயின்ஸ் பாரிங்ரன் என்னும் இருவர்க்கும் அவர் எழுதிய கடிதங்களே ‘செல்போணின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்’ என்னும் நூலாக 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. அன்று தொட்டு இன்றுவரை அந்நூல் பதிப்பின்மேற் பதிப்பாக வந்துகொண்டேயிருக்கின்றது.

ஒரு சிற்றூரின் எல்லைக்குள்ளே எழுதப்பட்ட நூல் இத்துணைப் பெருமை பெற்றது எவ்வாறு? அதன் விடை வைற் கைக்கொண்ட முறையிலே உள்ளது. ஒரே பாதையிலே, ஒரே வேலியோரமாக, ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அவர் நடந்தார், விரைந்து நடந்தாரல்லர். ஒருநாட் கண்டதை மறுநாளும், ஓராண்டு கண்டதை மறு ஆண்டும் ஒப்புநோக்கினார். இலைகளினூடே திரியும் சிறிய கதிர்க்குருவிகளை அக்காலத்தார் பொதுவாக ஒரே இனமென எண்ணியிருந்தனர். நிறத்தாலும் உருவாலும் அவை அத்துணை ஒத்திருந்தன. வைற் அவற்றின் குரலைக் கேட்டார். ஒன்று ஈரசைகளை மாறிமாறி ஒலித்தது. ஒன்று இனிமையாக இறங்கிவரும் இசையைப் பாடியது. மற்றொன்று உயர்ந்த மரங்களின் உச்சியிலிருந்து நடுங்குங் குரலிற் சிலிர்த்தது. இவை மூன்றும் வெவ்வேறினம் என்பதை 1768ஆம் ஆண்டளவிலே அவர் உறுதிப்படுத்தினார். பேழையிலே தோலை வைத்து ஆராய்ந்தவர்க்குப் புலப்படாத வேற்றுமை, வேலியோரத்தில் வாய்மூடி நின்றவர்க்குப் புலப்பட்டது. அவரும் மாதிரிகளைப் பெற்று அளந்து பார்த்தவரே. ஆயின் ஐயத்தை முதலிற் கிளப்பியது செவியே.

அவர்தம் முறையை விளக்குதற்கு வயற் சில்வண்டு பற்றிய கடிதமே மிகப் பொருத்தமானது. செல்போணுக்கு அண்மையிலிருந்த ஒரு சரிவிலே, வேனிற்காலத்தில் இச்சில்வண்டுகள் பகலும் இரவும் ஓயாது ஒலித்தன. ஓசை எங்கும் நிறைந்திருந்தது. ஓசை எழுப்பும் பூச்சியையோ காணமுடியவில்லை. மனிதன் அணுகும்போது அவன் காலடியின் அதிர்வை உணர்ந்து, பாட்டை இடையிலே நிறுத்தி, பின்புறமாக வளைக்குள் விரைந்து மறைந்துவிடும் என்பதை வைற் கண்டறிந்தார். வளையைத் தோண்டிப் பார்க்கும் முயற்சி பயன் தரவில்லை. ஆழத்தை அடைய முடியாது போகும். அல்லது பூச்சி நசுங்கி இறக்கும். பின்னரே எளிய வழியொன்று புலப்பட்டது. வளைந்து கொடுக்கும் புல்லின் தண்டொன்றை மெல்ல உட்செலுத்தினால், அது வளையின் வளைவுகளினூடே அடிவரை சென்று, உள்ளே இருக்கும் பூச்சியைத் தானாகவே வெளிவரச் செய்தது. ஆராய்வோனின் ஆவலும் நிறைவேறியது. ஆராயப்பட்ட உயிரும் ஊறின்றித் தப்பியது. மண்வெட்டியால் இயலாததைப் புல்லின் தண்டு செய்தது என்பதில் இந்நெறியின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

மௌனம் என்பது யாது என்பதனையும் அவர் வெறும் ஊகத்தால் முடிவு செய்தவரல்லர். தேனீக் கூடுகளின் அருகே பேச்சுக்குழலை வைத்து, ஒரு மைல் தொலைவிலுள்ள கப்பலை அழைக்கத்தக்க பெருங்குரலிற் கூவிப் பார்த்தார். தேனீக்கள் சிறிதும் பொருட்படுத்தாது தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தன. சில்வண்டோ காலடி நெருங்கிய மாத்திரத்தே அடங்கியது. ஓர் உயிருக்கு ஆரவாரமாவது மற்றோர் உயிருக்கு ஒன்றுமன்று. எனவே அமைதியாகச் செல்வதென்பது வாயை மூடுதல் மட்டுமன்று. அணுகப்படும் உயிர் எதனை உணர்கின்றது என்பதை முதலிற் கற்று, அதற்கேற்பத் தன்னை ஒடுக்கிக்கொள்ளுதலாகும்.

இவ்வாறு ஒடுங்கி நின்றமையாற் கிடைத்த பேறுகள் பல. கோதுமைத் தாளின்மீது பந்துபோலக் கூடு பின்னும் சிறு வயலெலியை இங்கிலாந்திலே முதன்முதலில் விவரித்தவர் அவரே. அவற்றுள் இரண்டை ஒருங்கே நிறுத்தபோது அரைப் பென்னிச் செம்புக்காசு ஒன்றின் நிறையே இருந்ததாக எழுதியுள்ளார். யாவராலும் அருவருக்கப்பட்ட மண்புழு, நிலத்தைத் துளைத்தும் இலைகளை உள்ளிழுத்தும் பயிர்வளர்ச்சிக்குப் பேருதவி புரிகின்றதென்று 1777ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் விளக்கினார். சாள்ஸ் டார்வின் மண்புழுக்கள் பற்றித் தனிநூல் வெளியிட்டது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1881இல் ஆகும். வானத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் உழவாரக்குருவிகள் பறந்துகொண்டே இணைவதையும் அவர் கண்டு எழுதினார். ஆண்டுதோறும் தம் ஊருக்கு வரும் அக்குருவிகளை எண்ணி, அவை எப்போதும் எட்டு இணைகளே எனப் பதிவு செய்தார்.

அவர் எல்லாவற்றையும் சரியாக அறிந்துவிட்டார் என்று கொள்ளுதலும் பிழையாகும். குளிர்காலத்திலே தகைவிலான் குருவிகள் எங்கே செல்கின்றன என்னும் வினா அக்காலத்து அறிஞரைப் பெரிதும் மயக்கியது. அவற்றுட் சில நாடு விட்டு நாடு செல்வதை ஏற்றுக்கொண்ட வைற், வேறு சில அங்கேயே பொந்துகளில் உறங்கிக் கிடக்கக்கூடும் என்னும் எண்ணத்தை இறுதிவரை கைவிட்டாரில்லை. ஒரு சிற்றூரின் எல்லைக்குள் நின்று காண்போனுக்கு ஆபிரிக்காவிலே நிகழ்வது தெரியாது. மெல்லடி நெறியின் வன்மையும் வரம்பும் இங்கே ஒருங்கே தெரிகின்றன: அண்மையில் உள்ளதை அது ஆழமாகக் காட்டும், சேய்மையில் உள்ளதைக் காட்டாது.

வைற்றுக்குப் பின்வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அவர் நூலைப் போற்றியது; அவர் நெறியையோ பெரிதும் பின்பற்றவில்லை. துப்பாக்கிகள் திருந்தின, புகைவண்டியும் நீராவிக்கப்பலும் பயணத்தை எளிதாக்கின, பறவைத் தோல்களையும் முட்டைகளையும் சேர்த்தல் செல்வரின் பொழுதுபோக்காயிற்று. அரிய பறவையொன்று காணப்பட்டால் அதனைச் சுட்டு வீழ்த்திய பின்னரே அது வந்ததென்பது சான்றாகக் கொள்ளப்பட்டது. இதற்குக் காரணம் கொடுமை மட்டுமன்று. தொலைவிலுள்ள பறவையைத் தெளிவாகக் காட்டவல்ல முப்பட்டகக் கண்ணாடி பொருத்திய இரட்டைத் தொலைநோக்கியை ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது 1894ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் ஐயந்தீரக் காணுதற்குப் பறவை கையில் இருத்தல் வேண்டுமென அறிஞர் கருதினர்.

இலங்கையும் இப்போக்கிற்கு விலக்கன்று. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் கொன்றவர் எனக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அறிவு நோக்குடையோர் இத்தகைய வேட்டைக்காரரின் வேறானவர். எட்கார் லேயார்ட் என்பவர் இலங்கையிற் கழித்த ஆண்டுகளிலே சேர்த்த பறவைக் குறிப்புக்களை 1853, 1854ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். பீரங்கிப் படையதிகாரியான வின்சென்ற் லெக் எழுதிய ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ 1878 தொடக்கம் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்றும் அறிஞர் எடுத்தாளும் பெருநூல் அது. இவர்கள் பறவைகளைச் சுட்டே ஆராய்ந்தனர்; அவ்வாறிருந்தும் அவற்றின் பழக்கங்களையும் கவனித்து எழுதினர். அன்றியும், லெக் தமது நூலிலே சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து பதித்துள்ளார். அப்பெயர்களை வழங்கிய கிராமத்தவர் துப்பாக்கி ஏந்தியவரல்லர் என்பது சிந்திக்கத் தக்கது. மீன்கொத்தி, மரங்கொத்தி என்னும் பெயர்கள் பறவையின் செயலைக் கண்டு இடப்பட்டவை. செயலைக் காண்பதற்குப் பறவை உயிரோடிருத்தல் வேண்டும். காண்பவனும் அதனைக் கலைக்காதிருத்தல் வேண்டும்.

மேனாட்டிலே இப்போக்கை மாற்றியவருள் முதன்மையானவர் எட்மண்ட் செலூஸ். 1857இற் பிறந்து 1934இல் மறைந்த இவரின் தமையனார் பிரெடெரிக் செலூஸ், ஆபிரிக்கக் காடுகளிலே பெருவிலங்குகளை வேட்டையாடி உலகப் புகழ் ஈட்டியவர். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த இருவருள் ஒருவர் துப்பாக்கி நெறியின் பிரதிநிதியாகவும் மற்றவர் மெல்லடி நெறியின் பிரதிநிதியாகவும் விளங்கியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சட்டம் பயின்ற எட்மண்ட், அத்தொழிலை விடுத்து நாட்டுப்புறத்திலே வாழ்ந்தார். பக்கி எனப்படும் இராப்பறவையின் கூட்டருகே அசையாதிருந்து, அது அடைகாப்பதையும் குஞ்சு பேணுவதையும் நேரங்குறித்து எழுதிய குறிப்பை 1899இல் வெளியிட்டார். 1901இல் அவரது ‘பறவை காணுதல்’ என்னும் நூல் வந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துத் தொலைநோக்கியைக் கையிலெடுத்து ஓரிரு மணிநேரம் ஒரு பறவையைக் கண்டவனுக்கு, அதனைக் கொல்லுதல் பெருங்கொடுமையாகத் தோன்றிவிடும் என்பது அந்நூலின் துணிபு.

செலூஸின் முயற்சி அறநெறி சார்ந்தது மட்டுமன்று. அறிவுத்துறையிலும் அது பயன் விளைத்தது. ஆண் பறவைகளின் அழகிய இறகுகளும் ஆடல்களும் பெட்டையின் தெரிவினாலே தோன்றி வளர்ந்தவை என்று டார்வின் கூறியபோது பலர் அதனை ஏற்றிலர். கொல்லப்பட்ட பறவை தெரிவு செய்வதில்லை. ஆதலால் தோல்களை எத்துணை சேர்த்தாலும் அவ்வழக்குத் தீராது. பறவைகள் கூடி ஆடும் களங்களின் அருகே விடியுமுன் சென்று ஒளிந்திருந்து, தெரிவு செய்வது பெட்டையே என்பதற்குச் சான்றுகளைச் செலூஸ் தொகுத்தார். இவ்வழியைத் தொடர்ந்த யூலியன் ஹக்ஸ்லி, கொண்டையுடைய முக்குளிப்பான்களின் காதற் சடங்குகளைப் பற்றி 1914இல் வெளியிட்ட கட்டுரை, விலங்கு நடத்தை பற்றிய விஞ்ஞானத்தின் தொடக்கநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

இந்நெறிக்கு எவ்விதப் பதவியும் இன்றியமையாததன்று என்பதை நிலைநாட்டியவர் அமெரிக்கப் பெண்மணியான மாகிறற் மோஸ் நைஸ் ஆவர். 1883இற் பிறந்த இவ்வம்மையார், பேராசிரியரின் மனைவியாகவும் பெண்மக்களின் தாயாகவும் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே வாழ்ந்தார். வீட்டின் அருகே ஆற்றோரமாகப் புதர் மண்டிக் கிடந்த வெற்றுநிலமே அவர்தம் ஆராய்ச்சிக்களம். அங்கே வாழ்ந்த பாட்டுச்சிட்டு என்னும் எளிய குருவிகளின் கால்களிலே நிறவளையங்களை மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி அடையாளங் கண்டு, 1928 முதல் 1936 வரை அவற்றின் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதினார். எது எந்நிலத்தை உரிமை கொண்டது, எதனோடு இணைந்தது, எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பனவெல்லாம் பதிவாயின. 1935ஆம் ஆண்டு மே மாதத்து நாளொன்றிலே, விடியல் தொடக்கம் மாலைவரை இருந்து, ஓர் ஆண் குருவி 2305 முறை பாடியதாக எண்ணினார். 1937, 1943ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது இரு தொகுதிகள், ஒரு காட்டுப் பறவையின் சமுதாய வாழ்வை அதுவரை எவரும் காட்டாத அளவு விரிவாகக் காட்டின. நகரத்தின் ஓரத்திலே எவரும் திரும்பிப் பாராத குருவியொன்று, பொறுமையுள்ள ஒருவரின் கண்ணிற் பட்டமையால் உலக அறிவியலில் இடம்பெற்றது.

மெல்லடி நெறி இத்துணைப் பயன் தருவதற்கு இயற்கையிலே காரணம் உண்டு. சில்வண்டின் காலிலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நிலத்தின் நுண்ணதிர்வை உணரும் உறுப்பு அமைந்துள்ளது. புறச்செவியற்ற பாம்பு, தாடையெலும்பின் வழியாக நில அதிர்வை உணர்கின்றது. பெரும்பாலான பறவைகளின் கண்கள் தலையின் இருமருங்கிலும் இருத்தலால், அவை முன்னும் பின்னும் அசைவதைக் கணத்திற் காண்கின்றன. கீரியும் மரநாயும் காற்றிலே வரும் மணத்தால் மனிதனை அறிகின்றன. மேலும், ஓர் உயிரின் அச்சம் அதனோடு நிற்பதில்லை. அணில் எழுப்பும் எச்சரிக்கைக் குரலையும் புலுனிக் கூட்டத்தின் ஆரவாரத்தையும் கேட்ட பிற உயிர்களும் ஒதுங்கிவிடுகின்றன. எனவே ஒரு வளவுக்குள்ளே ஓசையுடன் நுழைபவன் காண்பது, அவன் வருகையால் வெறுமையாக்கப்பட்ட வளவையே. அதே இடத்திற் சிறிது நேரம் அசையாது நின்றால், மறைந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பித் தத்தம் தொழிலைத் தொடங்கும்.

தமிழ் மக்களுக்கு இந்நெறி புதியதன்று. சங்கப் புலவர் விலங்கையும் பறவையையும் பாடிய திறம் அருகிருந்து கண்டோர்க்கே வாய்க்கும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியமை, அக்காலத்தார் தம் நிலத்தை எத்துணை நுணுகி அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. செயலளவிலும் இவ்வுணர்வு நிலைத்திருந்தது. வைற் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1798ஆம் ஆண்டளவிலே, செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரியிற் கூடு கட்டும் நீர்ப்பறவைகளைப் படைவீரர் சுடுவதைத் தடுக்குமாறு அக்காலத்து மாவட்ட அதிகாரியாகிய லயனல் பிளேசிடம் முறையிட்டு, எழுத்திலே உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சங் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு எந்நூலிலிருந்தும் வந்ததன்று. ஏரிக்கரையிலே தலைமுறை தலைமுறையாக நின்று கண்டதால் வந்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சாதிருத்தற் பொருட்டுத் தீபாவளி நாளிலும் வெடி கொளுத்துவதைத் தவிர்த்து வருகின்றனர். தனியொருவர் கைக்கொள்ளும் அமைதி, அங்கே ஊரின் ஒழுக்கமாகவே உயர்ந்துவிட்டது.

இலங்கையிலே வீட்டுத் தோட்டத்திலும் வயலோரத்திலும் உயிருள்ள பறவையைக் காணும் நெறியைப் பொதுமக்களிடம் சேர்த்தவருள் ஜோர்ஜ் ஹென்றி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். 1891இல் மலைநாட்டுக் கந்தப்பளையிலே தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த இவர், கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பகுதியிலே பல்லாண்டு பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். கைதேர்ந்த ஓவியருமாவர். 1955இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளிவந்த அவரது ‘இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி’ என்னும் நூலிலே, ஒவ்வொரு பறவையின் உருவத்தோடு அதன் குரல், நடை, உணவு, கூடு என்பனவும் கூறப்பட்டன. படங்களும் அவர் தீட்டியவையே. சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் உடன் தரப்பட்டன. லெக்கின் நூலுக்கும் ஹென்றியின் நூலுக்கும் இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டிலே, இறந்த பறவையை அளந்தறியும் அறிவு, உயிருள்ள பறவையைக் கண்டறியும் அறிவாக மாறிய வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது.

இவ்வாறு தொகுத்த அறிவின் பயன் காண்போனின் மகிழ்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. வைற் எண்ணிய எட்டு இணை உழவாரக்குருவிகளை மீண்டும் நினைவுகூர்தல் தகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1983இல், அதே செல்போணில் ஆராய்ச்சியாளர் எண்ணியபோது பன்னிரண்டு இணைகள் இருந்தன. இத்துணை நீண்டகால ஒப்பீடு இயன்றமைக்கு ஒரு கிராமக் குரு அண்ணாந்து பார்த்து எண்ணி எழுதிவைத்ததே காரணம். அவர் புல்லின் தண்டால் வெளிவரச் செய்த வயற் சில்வண்டின் கதையோ வேறு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியளவிலே அது இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியின் ஓரிடத்திலே மட்டும் எஞ்சியிருந்தது. அங்கிருந்து எடுத்து வளர்த்துப் பிறவிடங்களிற் குடியேற்றும் முயற்சி 1990களிலே தொடங்கியது. செல்போண் சரிவில் வேனில் முழுவதும் ஒலித்த பாட்டு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர்க்கு வைற்றின் கடிதமே சான்றாகின்றது. பிரித்தானியாவிலே ஊர்க்குருவிகள் பெருந்தொகையாகக் குறைந்துவிட்ட செய்தியைத் தெளிவாக்கியவற்றுள், 1979 முதல் பொதுமக்கள் ஆண்டுதோறும் தத்தம் தோட்டங்களில் ஒரு மணிநேரம் இருந்து செய்துவரும் கணக்கெடுப்பும் ஒன்று. வேட்டையும் காடழிப்பும் உயிர்களை அழிக்கும்போது அழிவு கண்ணுக்குத் தெரிகின்றது. அயலிலே அமைதியாக வாழ்ந்த உயிர் அமைதியாகவே மறையும்போது, அது முன்னர் இருந்ததை அறிந்தவர் ஒருவராவது இல்லையெனின், அதன் இழப்பை உணர்வாரும் இல்லை. அறியாத செல்வம் களவு போனால் முறையிடுவார் யார்?

யாழ்ப்பாணத்துக் குடாநாட்டின் வளவுகளும் வடலிகளும் குளங்களும் தோட்டக் காணிகளும் இத்தகைய உயிர்களால் நிறைந்தவை. வேலியடியிலே பதுங்கிச் செல்லும் செண்பகமும், முருங்கையிற் கூடித் திரியும் புலுனியும், கிணற்றடி ஈரத்திலே இரை தேடும் பறவைகளும், இரவிலே பனையேறும் மரநாயும் தூரதேசத்து அதிசயங்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. மழைக்காலத்திலே வடபுலத்துக் கடனீரேரிகளுக்குப் பூநாரைகள் வருவதையும், சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டதையும் பலர் அறிவர். சரணாலயத்துக்குச் சென்று காணும் அறிவு ஒருவகை. நாள்தோறும் நடக்கும் ஒழுங்கையிலே காணும் அறிவு மற்றொரு வகை. முன்னையது ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கலாம்; பின்னையது விடியற்காலையிலே பதினைந்து நிமிடத்தை ஒதுக்கும் எவருக்கும் நாள்தோறும் வாய்க்கும்.

ஒரு மாணவன் தன் வீட்டு வளவின் ஒரு மூலையைத் தெரிந்து, ஒரே நேரத்திலே, ஓசையின்றிச் சென்று, அசையாதிருந்து, கண்டதையும் கேட்டதையும் திகதியிட்டு எழுதத் தொடங்கலாம். பெயர் தெரியாத பறவையின் நிறத்தையும் குரலையும் எழுதிவைத்துப் பின்னர் முதியோரிடமும் நூல்களிலும் கேட்டறியலாம். முதலாண்டுக் குறிப்பு சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். பத்தாண்டுகள் தொடர்ந்தாற் குறிப்பேடு ஒரு கிராமத்தின் வரலாறாகிவிடும். கோயிற் சாசனங்களையும் பழைய உறுதிகளையும் பேணுதல் எத்துணை இன்றியமையாததோ, இக்குறிப்புக்களைப் பேணுதலும் அத்துணை இன்றியமையாதது. மண்ணிலே வாழ்ந்த மக்களின் வரலாற்றை அவை கூறுகின்றன. அம்மக்களோடு அதே மண்ணைப் பகிர்ந்து வாழ்ந்தவற்றின் வரலாற்றை இவை கூறும். கில்பேட் வைற்றுக்குக் கிடைத்தது ஒரு சிற்றூரும் நாற்பதாண்டுப் பொறுமையுமே. சிற்றூர் இங்கே பலர்க்கும் உண்டு. வேண்டப்படுவது பொறுமையும் மெல்லடியுமேயாம்.